முயல் தீவில் ஒரு சின்ன ஜெபம்

எலியேசர் வாத்தியார் தன் மகள் கிரேஸிடம் ‘அடுத்த லீவுக்கு, அடுத்த லீவுக்கு’ என்று சொல்லியே பத்து வருஷத்தை ஓட்டிவிட்டார். அவள் நகை நட்டா கேட்டாள்? கடலாமையை ஒருதரம் கண்ணால் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். பள்ளிக்கூடத்தில் அவர் நடத்திய ஆமைப் பாடத்தைக் கேட்டு வந்த ஆசை. அவரே ஆமையைப் பார்த்ததில்லை என்பது வேறு கதை. வருகிற புதன்கிழமை அவளுக்குக் கல்யாணம்; மாப்பிள்ளைக்கு வடக்கே நைஜாம் சீமையில் மிஷன் வேலை. அங்கே கடலுக்கு எங்கே போக? மனுஷன் அடித்துப் பிடித்துக்கொண்டு பாளையங்கோட்டையிலிருந்து கிளம்பி, மகளோடு தூத்துக்குடிக்கு ரயிலேறினார்.

மறுநாள் விடியும்போது படகோட்டி முத்துமாலையின் வள்ளம் அவர்களோடு முயல் தீவில் ஒதுங்கியது. வழியெல்லாம் குடல் வெளியே வர வாந்தியெடுத்த வாத்தியார், மணலில் கால் பட்டதும் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு துரை மாதிரி நின்றார்.

முத்துமாலை மணலில் ஒரு தடத்தைக் காட்டினான். “ஆமை முட்டை போட ஏறியிருக்கு ஐயா. இன்னும் இறங்கல. வெயில் வருமுன்னே இந்தப் பக்கமாத்தான் கடலுக்குத் திரும்பும். இங்கன பைய உக்காருங்க. சத்தம் கித்தம் போடாதீங்க.”

கிரேஸ் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அதைப் பார்த்ததும் வாத்தியாருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. நெஞ்சு நிறைந்தால் அவருக்கு ஜெபம் வந்துவிடும். “ஒரு சின்ன ஜெபம்,” என்றார் கிசுகிசுவென்று. இருவரும் கண்ணை மூடினார்கள்.

சிருஷ்டிப்பில் தொடங்கினார். நோவாவின் பேழையில் ஜீவராசிகளை ஜோடி ஜோடியாக ஏற்றி, ஜோடி ஜோடியாக இறக்கினார். முத்துமாலை இரண்டுதரம் கனைத்தான். அட, வள்ளக்காரன் மனசையும் நம்ம ஜெபம் உருக்குதே என்று பூரித்துப்போய், நைஜாம் சீமைக்காகவும் நாலு வார்த்தை சேர்த்துக்கொண்டார்.

ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தால், மணலில் இரண்டு தடம்.

“போயிட்டு ஐயா,” என்றான் முத்துமாலை. “உங்க முழங்காலை உரசாத குறைதான். சத்தம் போடாதீங்கன்னு நானே சொல்லிட்டேனே, பெறகு எப்படிக் கூப்பிட? கனைச்சுக் கனைச்சுப் பாத்தேன்.”

பத்து வருஷம் இழுத்தடித்தது போதாதென்று கடைசி அஞ்சு நிமிஷத்தையும் தின்னுட்டியே, முட்டாப்பயலே! வாத்தியார் தன்னைத்தானே ஏசிக்கொண்டார். ஜெபத்தில் கண் திறந்ததற்காக இந்தப் பிள்ளை தலையில் எத்தனை குட்டு குட்டியிருப்பார்! ஆண்டவரே, இன்றைக்கு மட்டும் இவள் திறந்திருக்க வேண்டும். அன்றைக்கு அவர் செய்த சின்ன ஜெபம் அதுதான். மெல்ல மகள் பக்கம் திரும்பினார்.

“கிரேஸ், கண்ணைத் தெறந்து பாத்தியாட்டி? நெசத்தச் சொல்லு. அப்பா ஏசமாட்டேன்.”

“இல்லப்பா,” என்றாள் கிரேஸ். “பக்கத்துல என்னமோ சரசரன்னு போச்சு. நீங்க ஆமென் சொல்லட்டும்னு இருந்தேன்.”