நெரேயோவின் உதடு

ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஒரு கேடயம் கொடுக்கப்போவதாக சோனியா வந்து சொன்னபோது குடித்துக்கொண்டிருந்த காபி எனக்குப் புரையேறியது. எங்கள் முதியோர் இல்லத்தில் பொழுதுபோக்குகளைக் கவனிக்கிறவள் சோனியா. திங்கட்கிழமை பாட்டு, செவ்வாய்க்கிழமை காகிதப் பூ, புதன்கிழமை தொம்போலா என்னும் எண் விளையாட்டு என்று எண்பது வயதுக் கிழங்களை நர்சரிப் பிள்ளைகள் மாதிரி மேய்ப்பாள். நல்ல பெண்தான், ஆனால் யாரையும் ஐந்து நிமிஷம் சும்மா உட்கார விடமாட்டாள். அன்றைக்குச் சீட்டாட்டப் போட்டியாம். ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் இல்லத்திலிருந்தும் ஆட்கள் வருகிறார்களாம். ஆட்டம் தொடங்கும் முன், நெரேயோவின் உயிரைக் காப்பாற்றியதற்காக 'சிறந்த நண்பர்' என்று எனக்குக் கேடயம். அதைக் கொடுக்கப்போவது நெரேயோவின் மகள் லோரெதானா.

எனக்கு ஒன்றும் வேண்டாம் என்றேன். அவள் அதை அடக்கம் என்று நினைத்து என் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனாள். வந்த ஆத்திரத்தில் காபிக் கோப்பையைச் சுவரில் அடித்திருப்பேன். அடக்கமாம், மண்ணாங்கட்டி.

நடந்தது இதுதான். நானும் நெரேயோவும் ப்ரிஸ்கொலா என்கிற சீட்டாட்டத்தில் ஐந்து வருஷமாக ஜோடி. நான் சர்க்கரை ஆலைக்குப் பீட்ரூட் கிழங்கு ஏற்றிப்போகும் லாரி ஓட்டினவன். அவன் எலக்ட்ரீசியன், ஊரில் பாதி வீடுகளுக்கு ஒயரிங் அவன் போட்டதுதான். இந்த ஆட்டத்தில் எதிரெதிரே உட்காரும் ஜோடிகள் பேசக்கூடாது, ஆனால் முகத்தால் சைகை காட்டலாம். எதிராளி கண்ணில் படாமல் காட்டுவதில்தான் சாமர்த்தியம். துருப்பில் ராஜா கையில் இருந்தால் கண்ணை மேலே உயர்த்த வேண்டும். குதிரைச் சீட்டு இருந்தால் தோளைக் குலுக்க வேண்டும். மூன்று இருந்தால் வாயை ஒரு பக்கமாகக் கோணவேண்டும். மூன்றுதானே என்று நினைக்காதீர்கள், எங்கள் ஆட்டத்தில் ஆஸுக்கு அடுத்த பெரிய சீட்டு அதுதான். நெரேயோ வாயைக் கோணினால் உதட்டோரத்தில் ஈ உட்கார்ந்து எழுந்த மாதிரிதான் இருக்கும். ஐந்து வருஷத்தில் ஒருத்தரும் அதைப் பிடித்ததில்லை. எங்களோடு எப்போதும் ஆடும் ஸாயிராக் கிழவிகூடப் பிடித்ததில்லை, அவளுக்கோ கழுகுக் கண்.

நவம்பரில் ஒரு புதன்கிழமை. மூன்று மணிக் காபி முடிந்திருந்தது. கூடத்தின் மறுகோடியில் சோனியா தொம்போலா எண்களைக் கத்திக்கொண்டிருந்தாள், கிழவிகள் அட்டையில் மொச்சைக்கொட்டை வைத்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் மேஜையில் நானும் நெரேயோவும் ஒரு ஜோடி, ஸாயிராவும் ஒத்தோரினோவும் எதிர் ஜோடி. இரண்டாவது ஆட்டத்தில் நெரேயோ வாயைக் கோணினான். சரி, மூன்று இவனிடம் இருக்கிறது என்று என் ஆஸைப் பத்திரமாக வைத்துக்கொண்டேன். ஆனால் கோணின வாய் கோணினபடியே இருந்தது. ஸாயிரா அதைப் பார்த்துவிட்டாள். இன்றைக்குக் குருடனுக்குக்கூடத் தெரியும் என்று சொல்லி விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்கு மானம் போயிற்று. மேஜைக்கு அடியில் அவன் காலை உதைத்தேன். அவன் வாயை நேராக்கவில்லை.

ஆட்டம் முடிந்து பார்த்தால் மூன்று அவனிடம் இல்லவே இல்லை, ஒத்தோரினோவிடம் இருந்தது. தோற்றோம். அடுத்த ஆட்டத்திலும் அதே கோணல், அதிலும் பொய். அரை மணி நேரம் இப்படிப் போனது. அரை மணி நேரம், எட்டினால் தொடும் தூரத்தில், அவன் மூளைக்குப் போகிற ரத்தம் அடைபட்டுக் கிடந்திருக்கிறது. நானோ என்னை ஏய்க்கிறான் என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கடைசியில் பொறுக்கமுடியவில்லை.

"டேய் கழுதை, ஆடத் தெரியலைன்னா எழுந்து போயி அந்தக் கிழவிங்களோட மொச்சைக்கொட்டை பொறுக்கு."

நெரேயோ என்னைப் பார்த்தான். ஏதோ சொல்ல வாயெடுத்தான், எச்சில்தான் வழிந்தது. இடது கையில் பிடித்திருந்த சீட்டுகள் நழுவித் தரையில் கொட்டின. அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் போட்ட கூச்சலில் சமையலறையிலிருந்துகூட ஆட்கள் ஓடிவந்தார்கள்.

ஆம்புலன்ஸில் வந்தவர் எப்போது தொடங்கியது என்று கேட்டார். இப்போதுதான் என்று சொன்னேன். எப்படி அது வாயில் வந்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. ஸாயிரா என்னைப் பார்த்தாள். ஒத்தோரினோ மேஜையைப் பார்த்தான். இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை.

ஜனவரியில் நெரேயோவைத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். இடது பக்கம் போய்விட்டது, பேச்சும் போய்விட்டது. நாம் சொல்வது மட்டும் புரிகிறது. தானாக நடமாட முடியாதவர்களை வைத்திருக்கும் இரண்டாவது மாடியில் அவனுக்குக் கட்டில் போட்டார்கள். அந்த மத்தியானம் அவனுக்குத் துளியும் ஞாபகமில்லை. மகள் என் பெயரைச் சொல்லிச் சொல்லித்தான் அவனுக்குத் தெரியும்: ஒலிந்தோதான் கத்தி ஆளைக் கூட்டினான், ஒலிந்தோதான் காப்பாற்றினான்.

லோரெதானா ரொவீகோ நகரத்தில் ஒரு சலவைக் கடையில் வேலை செய்கிறாள். ஐம்பது வயதுக்கு மேல், தனி ஆள். ஞாயிறு தோறும் பஸ் பிடித்து வருவாள். நவம்பரிலிருந்து, அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்த வாரங்களிலும்கூட, ஒவ்வொரு தடவையும் எனக்கென்று தனியாக ஒரு கேக் செய்துகொண்டு வந்தாள். அரை மணி தாமதமாகியிருந்தால் அப்பா போயிருப்பார் என்று டாக்டர் சொன்னாராம், அதைச் சொல்லிச் சொல்லி என் கையைப் பிடித்துக்கொள்வாள். அரை மணி தாமதமாகத்தான் ஆயிற்று அம்மா என்று என் நெஞ்சு அடித்துக்கொள்ளும். ஆகாமல் இருந்திருந்தால் அவன் நடந்திருப்பானோ, பேசியிருப்பானோ, யார் கண்டது. கேக்கை வாங்கித் தின்றேன். பாவி, மிச்சம் வைக்காமல் தின்றேன்.

ஆனால் ஊரைக் கூட்டி வைத்துக் கேடயமா? அது என்னால் முடியாது. லோரெதானாவிடம் சொல்லிவிடப் போகிறேன் என்று ஸாயிராவிடம் சொன்னேன். அவள் என்னைக் கிழி கிழியென்று கிழித்தாள். சொன்னால் அவனுக்குக் கால் வந்துவிடுமா, உன் நெஞ்சுப் பாரத்தை இறக்க அந்தப் பெண்ணின் தலைதான் கிடைத்ததா என்றாள். நவம்பருக்கு அப்புறம் ஸாயிராவும் சீட்டைத் தொட்டதில்லை. அதை அவள் யாரிடமும் சொல்லிக்கொள்வதும் இல்லை.

சனிக்கிழமை மத்தியானம் லோரெதானா ஒரு நாள் முன்னதாகவே வந்திருந்தாள். மறுநாளைக்கு அப்பாவின் கோட்டையும் வெள்ளைச் சட்டையையும் தன் கையாலேயே தேய்க்க வேண்டுமாம். துணி அறையில் அவள் தனியாக இருந்தபோது உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். அவளுக்குச் சீட்டாட்டம் தெரியாது. என்ன சைகை, எதற்குச் சைகை என்று அவளுக்கு விளங்கவில்லை. நான் அவள் எதிரில் நின்று என் வாயைக் கோணிக் காட்டவேண்டியிருந்தது.

என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"எவ்வளவு நேரம்?"

"அரை மணி. கூடவும் இருக்கலாம்."

"இது தெரிஞ்சும் நாலு மாசமா என் கையால கேக் வாங்கிச் சாப்பிட்டீங்க."

ஆமாம் என்றேன்.

அழுதால் தேவலை என்று இருந்தது எனக்கு, அவள் அழவில்லை.

"அப்பாவை இங்க கொண்டுவந்து விட்ட நாள்லேர்ந்து எனக்குத் தூக்கம் கிடையாது, ஒலிந்தோ மாமா. பெத்தவரைத் தள்ளிவிட்டுட்டோமேன்னு மனசு அரிக்கும். நீங்க கத்தி ஆளைக் கூட்டுனீங்கன்னு கேட்டப்புறம்தான், பரவாயில்லை, அங்க அவருக்குன்னு ஒருத்தர் இருக்காருன்னு படுத்துத் தூங்கினேன். அதையும் எடுத்துட்டீங்களே."

சோனியாவிடம் சொல்லிக் கேடயத்தை நிறுத்திவிடுகிறேன் என்றேன். சாயங்காலம் மாடிக்குப் போய் நெரேயோவிடமும் சொல்லி மன்னிப்புக் கேட்கிறேன் என்றேன். அவள் சட்டென்று தலையைத் தூக்கினாள்.

"அப்பாகிட்ட மூச்சு விடக்கூடாது. ஒரு வாரமா இந்தக் கோட்டைக் காட்டிக் காட்டி நாளைக்கான்னு சைகையால கேக்கறாராம், நர்ஸ் சொன்னாங்க. நாளைக்கு நான் கொடுப்பேன், நீங்க வாங்கிக்கணும். இந்த வீட்ல உங்களை விட்டா அவருக்கு யாரு இருக்கா?"

சட்டையின் கையை விரித்து விட்ட இடத்திலிருந்து தேய்க்கத் தொடங்கினாள். நான் வெளியே வந்தேன்.

மறுநாள் கூடம் நிறைந்திருந்தது. லோரெதானா காகிதத்தைப் பார்த்துப் படித்தாள். முந்தின வாரமே எழுதிவைத்த காகிதம்தான், அதில் ஒரு வார்த்தையையும் அவள் மாற்றவில்லை. குரல் நடுங்கவில்லை. கேடயத்தைக் கொடுத்தபோது அவள் விரல் என் விரலில் பட்டது, பனிக்கட்டியாகக் குளிர்ந்தது. எல்லோரும் கைதட்டினார்கள், அக்கரைக்காரர்களும் தட்டினார்கள். ஸாயிராவும் தட்டினாள், கண்ணைத் துடைக்காமல் தட்டினாள். முன்வரிசையில் சக்கர நாற்காலியில் இருந்த நெரேயோவுக்கு ஒரு கைதானே, தன் தொடையில் ஓங்கி ஓங்கி அடித்துக்கொண்டான். பிறகு என்னைக் கிட்டே வரச்சொல்லிக் காட்டினான். குனிந்தேன். என் கழுத்தைப் பிடித்து இழுத்து நெற்றியில் முத்தம் வைத்தான். லோரெதானா ஜன்னல் பக்கம் திரும்பி நின்றாள்.

இப்போதும் அவள் ஞாயிறு தோறும் வருகிறாள், மரியாதையாக வணக்கம் சொல்கிறாள், நேரே லிஃப்டுக்குப் போய்விடுகிறாள். மற்ற நாட்களில் காபி முடிந்ததும் நான் மாடிக்குப் போகிறேன். ஒரு நாள் தாமதமானால் நெரேயோ கட்டில் கம்பியைத் தட்டித் தட்டி நர்ஸை அனுப்பிவிடுகிறான். போய் உட்கார்ந்ததும் என் கையைப் பிடித்துக்கொள்கிறான், சாப்பாட்டுத் தட்டு வரும் வரை விடுவதில்லை. சொல்லிவிடேன், சொல்லிவிடேன் என்று மனசு நச்சரிக்கிறது. லோரெதானாவின் பேச்சை மீறக்கூடாது. சும்மா உட்கார்ந்திருக்கிறேன்.