உதைத்த கால்

முத்தம்மாளின் தம்பி இருசப்பன் கடலில் செத்ததற்குச் சாட்சியும் அவள் புருஷன் உத்திராபதிதான், குற்றவாளியும் அவள் புருஷன்தான். அலை கட்டுமரத்தைப் புரட்டிப் போட்டபோது, மிரண்டுபோன இருசப்பன் உத்திராபதியின் கழுத்தைக் கட்டிக்கொண்டான். உத்திராபதி அவனை உதைத்துத் தள்ளிவிட்டுத் தனியாகக் கரையேறினான். அதை மறைக்கக்கூடத் துப்பில்லாத மனுஷன், ஈரம் சொட்டச் சொட்ட வந்து அவளிடமே சொன்னான்.

"கழுத்தப் புடிச்சான் முத்து. ஒதச்சிட்டேன். நெனச்சி ஒதைக்கல."

அந்தக் கடைசிச் சொல்தான் அவளுக்கு ஆறவேயில்லை. நினைக்காமல் கால் உதைக்குமா? கால் என்ன, தனியாகவா சோறு தின்கிறது? அன்றிலிருந்து அவனுக்கு உலை வைத்தாள், சோறு போட்டாள், ஒரு வார்த்தை பேசவில்லை.

பிரெஞ்சுக் கொடி இறங்கி நாலு வருஷமாகியும், அவர்கள் குப்பத்துப் பெண்கள் முழங்காலுக்கு மேல் கடலில் இறங்கியதில்லை. முத்தம்மாளுக்குத் தண்ணீர் என்றால் குடத்தில் இருப்பதுதான். மீன் கூடையோடு கருவடிக்குப்பம் போகும்போது, வாடிக்கைக்காரி தனக்கொடியிடம் ஒருநாள் கேட்டாள்.

"அக்கா, ஒங்க கொல்லக் கெணத்துல எனக்கு நீச்சல் கத்துக் குடு."

"மீன்காரிக்கு நீச்சலா!" தனக்கொடி சிரித்தாளே தவிர, மறுநாளே அவள் முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டி இறக்கிவிட்டாள்.

மூக்கு எரிந்தது, காது அடைத்தது. படியைப் பிடித்த விரல்கள் அவள் பேச்சைக் கேட்காமல் விறைத்துக்கொண்டன. போதும் என்று உடம்பு கெஞ்சினாலும் மறுநாள் வியாபாரம் முடிந்ததும் வந்து நின்றாள். கார் நெல் அறுப்பு முடிவதற்குள் குடுக்கை இல்லாமலே நீந்தினாள்.

"முழுவுறவனுக்கு முன்னால மட்டும் போயிடாத. பின்னால வந்து முடியப் புடி," என்றாள் தனக்கொடி. "கடல் மாதிரி இல்லடி, நல்ல தண்ணி ஆளத் தூக்காது."

தூக்காத தண்ணீர்தான் முத்தம்மாளுக்கு வேண்டியிருந்தது. புருஷனை இதில் இறக்கிக் கழுத்தைப் பிடிப்பாள். உதைத்தால், அவன் யாரையும் உதைக்கிறவன். தூக்கிக் கரை சேர்த்தால், அன்றைக்கும் தூக்கியிருக்கலாம். இரண்டில் எது நடந்தாலும் அவள் தாய்வீட்டுக்குப் போய்விடுவாள். அவன் தப்ப வழியே வைக்காமல் போட்ட கணக்கு.

தனக்கொடி பக்கத்து ஊரான சாரத்துக்கு விருந்து போயிருந்த ஒரு மத்தியானம், பல மாதத்துக்குப் பிறகு புருஷனிடம் வாய் திறந்தாள்.

"கருவடிக்குப்பத்துக் கெணத்துல என் தோடு வுழுந்துட்டுது. வந்து எடுத்துக் குடு."

உத்திராபதி அவள் காதைப் பார்த்தான். இரண்டு தோடும் காதிலேயே இருந்தன. அப்படியும் அவளோடு நடந்தான்.

கிணற்றுக்குள் வெயில் எட்டவில்லை. அவன் இறங்கி நடுவுக்குப் போனான். முத்தம்மாள் படியிலிருந்து பாய்ந்து, முன்னாலிருந்தே அவன் கழுத்தை இறுக்கினாள். இருவரும் முழுகினார்கள்.

உதைக்குக் காத்திருந்தாள். வரவில்லை. பச்சை இருட்டில் கண் திறந்து பார்த்தாள். அவன் ஒரு காலோடு மறு காலைப் பின்னி, இரண்டு கையாலும் தன் கோவணத்தையே பிடித்துக்கொண்டு, அவளையே பார்த்தபடி கீழே போய்க்கொண்டிருந்தான். உதைக்கக் கூடாதென்று முடிவு செய்துதான் வந்திருக்கிறான்.

மூச்சு முட்டி அவள் நெஞ்சு வெடித்தது. பிறகு நடந்ததில் அவளுக்குப் பங்கில்லை. கைகள் விட்டன, கால் எழும்பி அவன் மார்பில் ஓங்கி மிதித்தது, உடம்பு மேலே பாய்ந்தது. மூச்சு திரும்பியபோது படியில் பாதி ஏறியிருந்தாள்.

கிணறு அசையாமல் கிடந்தது. அவன் வரவில்லை.

படியை விட விரல்களுக்கு மனமில்லை. ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்துத் தண்ணீருக்குள் போனாள். பின்னால் வந்து முடியைப் பிடித்தாள், இழுத்துப் படியில் போட்டாள். அவன் தண்ணீராகக் கக்கினான்.

"ஏன்யா ஒதைக்கல?"

"ஒருவாட்டி ஒதச்சதே தாங்கல, முத்து."

இருசப்பன் போன பிறகு முதல்முறையாக அவன் முன்னால் அழுதாள். தன் காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, வேறு யாருடைய காலையோ பார்ப்பதுபோல் பார்த்தாள்.

"நா ஒதச்சிட்டேன்யா," என்றாள். "நெனச்சி ஒதைக்கல."