கூடாரத்துக்குள் ஐந்து கன்றுகள்

ஒஸ்மோன் சித்தப்பா முதல் ஆப்பிள் கன்றைப் பிடுங்கக் குனிந்தபோது ஜேனிஷ் ஓடிப்போய் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான்.

“விடுங்க சித்தப்பா.”

“விட்டுட்டு? கூடாரத்த உன் தலைமேலயா போடறது?”

ஜேனிஷின் அண்ணன் டோக்டோசுன் அன்று விடியற்காலையில் தூக்கத்திலேயே போய்விட்டிருந்தார். கூடாரத்தின் மரச்சட்டங்களும் கம்பளிகளும் லாரியிலிருந்து இறங்கிவிட்டன. ஊர் வழக்கப்படி, அடக்கம் வரை உடல் கூடாரத்துக்குள் கிடக்க வேண்டும். பெண்கள் உள்ளே உட்கார்ந்து ஒப்பாரி வைக்க, ஆண்கள் வெளியே இடுப்பில் துணி கட்டி, கோலூன்றி நின்று அழ வேண்டும். அதில்லாமல் மண்ணுக்குப் போனால் கேட்க நாதியில்லாதவன் என்றுதான் ஊர் சொல்லும். ஆனால் மலைச்சரிவில் இருந்த அந்த வீட்டில் சமதரை ஒரே இடத்தில்தான். அங்கே நாற்பத்திரண்டு கன்றுகள் இடுப்பு உயரத்தில், மொட்டு விரியத் தொடங்கி நின்றன.

போன வருஷம், வேலையிலிருந்து ஓய்வு பெறும் மாதத்தில், டோக்டோசுன் அவற்றைத் தன் பஸ்ஸிலேயே ஏற்றி வந்தார். வேருக்கு ஈரச்சாக்குச் சுற்றி, சீட்டுக்கு இரண்டாக உட்கார வைத்திருந்தார். வழியில் ஏறிய டிக்கெட் பரிசோதகரிடம், “எல்லாம் சின்னப் புள்ளைங்க சார், அரை டிக்கெட்தான்” என்றாராம். பனிக்காலத்தில் முயல் பட்டையைக் கடிக்காமலிருக்க வீடுவீடாகப் போய்ப் பெண்களிடம் கிழிந்த நைலான் சாக்ஸ் கேட்டு வாங்கி, ஒவ்வொரு தண்டிலும் சுற்றிவிட்டார். ஊரே சிரித்தது. ஜேனிஷ் கொஞ்சம் கூடுதலாகவே சிரித்தான்.

“ஏண்ணே, இந்த வயசுல நட்டு நீ எப்ப திங்கப்போற?”

“முப்பது வருஷம் பஸ் ஓட்டினேன்டா. ஏறினவன் ஊரு போய்ச் சேந்தான். நான் டெப்போவுக்குத்தான் திரும்பி வந்தேன். அதுக்காக ஓட்டாம இருந்தேனா?”

அன்றைக்கு அதையும் சொல்லிச் சொல்லிச் சிரித்தவன், இப்போதுதான் அந்த வரிசைகளை நின்று பார்த்தான். கூழாங்கல் ஒன்றுகூட இல்லாமல் பொறுக்கிய மண். ஒவ்வொரு கன்றுக்கும் வட்டமாக ஒரு பாத்தி. கீழே வாய்க்காலிலிருந்து வாளி வாளியாகச் சுமந்த தண்ணீர். ஒரு தண்டிலும் முயல் பல் படவில்லை. எப்பேர்ப்பட்ட மனுஷனைப் போய்க் கேலி செய்துகொண்டிருந்தோம் என்று அவனுக்கு வெட்கமாக இருந்தது.

அண்ணி புருல் கதவோரம் நின்றாள். புருஷன் நேற்று சாயங்காலம் தண்ணீர் ஊற்றிய வாளி அவள் கையில் இருந்தது.

“ஒண்ணையும் புடுங்க வேணாம். கன்னுக்கு மேலயே கூடாரத்தப் போடுவோம்” என்றான் ஜேனிஷ்.

“கூடாரத்துக்குள்ள மரமா? நாலு பேரு வாயால சிரிக்க மாட்டாங்கடா!”

“சிரிக்கட்டும். அண்ணன் இருந்தப்பவும் சிரிச்சாங்க. நானும் சேந்துதான சிரிச்சேன்.”

சித்தப்பா ஏதோ முணுமுணுத்துக்கொண்டு நகர்ந்தார். கூடாரத்தின் மரப் பின்னல் சுவரைக் கிளை முறியாமல் வளைத்து நிறுத்த இரண்டு மணி நேரமாயிற்று. வட்டத்துக்குள் ஐந்து கன்றுகள் அகப்பட்டன. அவற்றைச் சுற்றிக் கம்பளி விரித்து, ஓரமாகத் திரை கட்டி, அதற்குப் பின்னால் டோக்டோசுனைக் கிடத்தினார்கள்.

வந்த பெண்கள் வாசலிலேயே திகைத்து நின்றார்கள். பிறகு பாவாடையை ஒதுக்கிக் கன்றுகளுக்கிடையே பார்த்துப் பார்த்து உட்கார்ந்து ஒப்பாரி தொடங்கினார்கள். பக்கத்து வீட்டு ஸூரா ஒப்பாரியை நடுவில் நிறுத்தி, முன்னாலிருந்த தண்டை உற்றுப் பார்த்தாள்.

“ஏ புருலு, இது என் சாக்ஸுடி. என் கல்யாணத்துக்கு எடுத்தது.”

“அங்க பச்சையா இருக்குல்ல, அது என்னுது” என்றாள் இன்னொருத்தி.

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். காலையிலிருந்து வாய் திறக்காத புருலும் சிரித்தாள். சிரித்த வாய் மூடுவதற்குள் அழுகை வந்துவிட்டது. வெளியே கோலூன்றி நின்ற ஜேனிஷுக்கு அது கேட்டது. அதுவரை சம்பிரதாயத்துக்கு “என் அண்ணனே, என் மலையே” என்று கத்திக்கொண்டிருந்தவன், உண்மையாகவே குலுங்கி அழுதான்.

மறுநாள் மதியம் அடக்கம் முடிந்தது. அதற்கு மறுநாள் காலையில் கூடாரத்தைப் பிரித்தார்கள். நான்கு கன்றுகள் நேராக நின்றன. ஐந்தாவதன் மேல் யாரோ சாய்ந்திருக்க வேண்டும், அது ஒருபக்கமாகப் படுத்திருந்தது. முறியவில்லை.

ஜேனிஷ் வேரருகே மண்ணை மிதித்துக் கெட்டித்தான். துக்கத்துக்கு ஊன்றிய கோலைக் காற்று வீசும் பக்கமாகக் கன்றை ஒட்டி மண்ணில் இறக்கினான். இடுப்புத் துணியை அவிழ்த்துக் கோலையும் தண்டையும் சேர்த்து, நடுவில் ஒரு முறுக்கு விட்டுத் தளர்வாகக் கட்டினான். அண்ணன் அப்படித்தான் கட்டுவார்.

பின்னால் யாரோ செருமினார்கள். ஒஸ்மோன் சித்தப்பா நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றாரோ தெரியாது.

“அந்த ஓரத்துல இருக்கறதும் லேசா சாயுதுல்ல?” என்றார்.

“நேராத்தான இருக்கு சித்தப்பா.”

“சாயுதுங்கறேன்.”

தன் கோலை அவன் கையில் திணித்துவிட்டு, வீட்டுச் சுவரைப் பிடித்துப் பிடித்து வாசலை நோக்கி நடந்தார்.