டீச்சருக்குக் காப்பு இல்லை

1

இந்தக் கதை எனக்கு ஒரு பஸ்ஸில் கிடைத்தது. 1962 சித்திரையில் ஆலங்குடியிலிருந்து புதுக்கோட்டைக்குப் போய்க்கொண்டிருந்தேன். வழியில் ஓர் ஊரில் வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி பெட்டியோடு ஏறினாள். ஊர் எல்லையில் சாலைக்குக் குறுக்கே வேப்பிலைத் தோரணம் கட்டியிருந்தது. அதற்குச் சற்று முன்னால், "நிறுத்துங்க" என்றாள். பஸ் நின்றது.

அதற்கு முந்தியது எதுவும் எனக்குத் தெரியாது. அதைத்தான் எழுதப் பார்க்கிறேன். பிந்தியது தெரியும். அதை எழுதுவதா என்பது பிறகு.

2

'தன் நாட்டுப் பனியை நினைத்தபடி ஹில்டா...'

அடித்துவிட்டேன். வெள்ளைக்காரி என்றதும் பனியைக் கூப்பிடுவது சோம்பேறித்தனம்.

'அந்த ஊரில் ஹில்டா தன்னந்தனியாக...'

இதுவும் பொய். அவள் கடைக்குப் போனாலும் பின்னால் மூன்று பேர் போனார்கள்.

இப்படித் தொடங்கலாம்: பொங்கலன்று ஹில்டா டீச்சர் வீட்டுக்கு அக்கம்பக்கத்து வீடுகள் அத்தனையிலிருந்தும் பொங்கல் வந்தது. ஒரு வீட்டிலிருந்தும் அழைப்பு வரவில்லை. தரையில் உட்கார அவளுக்குச் சிரமமாக இருக்கும் என்று ஊரே அவளுக்காக யோசித்திருந்தது.

இங்கிலாந்திலிருந்து வந்து பெண்கள் பள்ளியில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தாள். காலாண்டு, அரையாண்டு என்று லீவு விட்டால் மற்றவர்கள் எங்காவது போய்ச் சேர்ந்தார்கள். அவளுக்கு லீவு என்பது எல்லோரும் போய்விடும் நாள்.

3

(தெரிந்தவர்கள் இந்த அடைப்புக்குறியைத் தாண்டிவிடலாம். அம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டிவிட்டால், விழா முடியும்வரை ஊர்க்காரர் யாரும் வெளியூரில் இராத் தங்கக் கூடாது. காப்புக் கட்டும் நேரத்தில் ஊருக்குள் இருந்த விருந்தாளிக்கும் அதே கட்டுதான்.)

கோடை லீவு விட்டிருந்தது. கொடைக்கானலில் இருந்த தோழி ஒருத்தி ஹில்டாவை அழைத்திருந்தாள். பெட்டி தயாராக இருந்தது. மத்தியானம் கருப்பன் தப்படித்துக்கொண்டு தெருவில் வந்தார்.

"சாயங்காலம் காப்புக் கட்டுறாங்க! வெளியூரு போறவங்க இப்பவே போயிருங்க! உள்ள இருக்கவங்க உள்ளயே இருக்கணும் சாமியோவ்!"

ஹில்டாவின் வாசலுக்கு வந்ததும் தப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். குரலைத் தாழ்த்தினார்.

"இது ஒங்களுக்கு இல்லீங்க டீச்சர். நீங்க எப்ப வேணாலும் போகலாம்."

அன்றைய கடைசி பஸ்ஸில் ஹில்டா ஏறவில்லை. காப்புக் கட்டி முடித்ததை அறிவிக்கும் மேளம் கேட்கும்வரை வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தாள். பிறகு பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள்.

பக்கத்து வீடு தையல் டீச்சர் பிரகதாம்பாளுடையது. மாடு பார்க்க வந்திருந்த அவள் தம்பி குழந்தைசாமி, சாப்பிட்ட மயக்கத்தில் தூங்கி மாட்டிக்கொண்டான்.

"எழுப்பிவிட வேண்டியதுதானே அக்கா! குன்றாண்டார்கோவில்ல என் மாட்டை யாரு பாப்பா?"

"ஒம் பொண்டாட்டி பாப்பா. மாடும் ஒன்னையத் தேடாது, அவளும் தேட மாட்டா. பேசாமக் கெட."

வீடே சிரித்தது. சுவருக்கு இந்தப் பக்கம் ஹில்டாவுக்கு அவ்வளவு தமிழ் புரிந்தது. வீட்டுக்குப் போக முடியாத அந்த மனிதன்மேல் அவளுக்குப் பொறாமையாக இருந்தது.

காலையில் பிரகதாம்பாள் எட்டிப் பார்த்தாள்.

"ஐயையோ, இன்னும் கெளம்பலையா டீச்சர்?"

"காப்புக் கட்டிட்டாங்களே. நான் உள்ளேதான் இருந்தேன்."

"அதெல்லாம் எங்களுக்குத்தாங்க! ஒங்களை ஆத்தா ஒண்ணும் செய்ய மாட்டா. டேய் தம்பி, டீச்சர் பொட்டியத் தூக்கு. ஓடிப்போயி பஸ்ஸ நிப்பாட்டு!"

குழந்தைசாமி பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டான். "குடுத்துவச்சவங்க நீங்க" என்று சொல்லிவிட்டு ஓடினான்.

[இங்கே பிரகதாம்பாளை, "போகாதீங்க, இருங்க" என்று சொல்லவைத்துப் பார்த்தேன். அவள் வாயில் அது வரவில்லை. ஒரு வெள்ளைக்கார டீச்சரைத் தடுத்து நிறுத்துவது மரியாதையில்லை என்று நினைப்பவள். கொஞ்சம் மரியாதை குறைந்தவளாக அவளை எழுதியிருந்தால் ஒருவேளை...]

4

பஸ் தோரணத்துக்கு முன்னால் நிற்கிறது. இது நான் பார்த்தது.

"எதையாச்சும் மறந்துட்டீங்களாம்மா?" என்றார் கண்டக்டர்.

"இதைத் தாண்டலாமா?"

"ஒங்களுக்கு இல்லீங்க, தாராளமாப் போகலாம்" என்றார். "போகலாம், போகலாம்" என்று பஸ்ஸே அன்பாகச் சொன்னது.

ஒரு முடிவு: அவள் போகிறாள். ஊர் எப்படி என்று தோழி கேட்கிறாள். "ரொம்ப நல்லவர்கள்" என்கிறாள். அதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை.

இன்னொன்று: இறங்கித் திரும்பி நடக்கிறாள். பிரகதாம்பாள் பதறிக்கொண்டு, "ஒடம்புக்கு முடியலையா?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறாள். உடம்பு சரியில்லாமல் இல்லை என்பதை ஹில்டா எந்த மொழியில் சொல்வாள்?

அன்று அவள் செய்தது இவற்றில் ஒன்றுதான். எது என்று சொன்னால் அது செய்தியாகிவிடும். செய்தி எழுதி எனக்குப் பழக்கம் உண்டு. இதைச் செய்தியாக்க மனமில்லை.

இஞ்சின் உறுமிக்கொண்டிருக்கிறது. "எறங்குறீங்களா, வாரீங்களா?" என்று கண்டக்டர் கேட்டுவிட்டார். அவள் பக்கத்து இருக்கை காலியாக இருக்கிறது. அதை உங்களுக்குக் கொடுக்கிறேன், உட்காருங்கள். அவள் உங்களைத்தான் பார்க்கிறாள். எதையாவது சொல்லுங்கள். 'போகலாம்' என்று மட்டும் சொல்லாதீர்கள். அதை எல்லோரும் சொல்லிவிட்டார்கள்.