அக்கா அழித்த மூன்று செய்திகள்

மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறவளுக்குக் கை நடுங்கக் கூடாது. அன்று பகல் ஒரு மணிக்கு அவளுக்கு நடுங்கியது. காரணம் வாடிக்கையாளர் அல்ல, பெற்ற தாய்.

அவளுடைய தம்பிக்கு மனச்சிதைவு நோய் என்று இரண்டு வருடத்துக்கு முன் மருத்துவமனையில் சொன்னார்கள். ஆளே இல்லாத இடத்திலிருந்து அவனுக்குக் குரல் கேட்கும். வீட்டில் எல்லோரும் கூடிப் பேசித் தன்னை ஏதோ செய்யப் பார்க்கிறார்கள் என்று தோன்றும். ஒருமுறை செல்போனைத் தண்ணீர்த் தொட்டியில் போட்டுவிட்டுப் போனவன், மூன்று நாள் எங்கே இருந்தான் என்றே தெரியவில்லை. அந்த மூன்று நாள் வீடு பட்ட பாடு சொல்லி மாளாது. அப்புறம் மருந்து பிடித்தது, தூக்கம் வந்தது, ஆள் தேறினான்.

அந்த மருத்துவமனை நர்ஸ் ஒவ்வொரு குடும்பத்துக்கும் போனில் ஒரு குரூப் தொடங்கிக் கொடுத்திருந்தார். இவர்கள் குரூப்பில் நாலே பேர்: அம்மா, அக்கா, தம்பி, நர்ஸ். தூக்கம் எப்படி, மாத்திரை போட்டாச்சா என்று நர்ஸ் காலையில் கேட்பார். தம்பி பதில் போடுவான். வீட்டில் யாருக்குச் சந்தேகம் வந்தாலும் அதிலேயே கேட்கலாம். அம்மா கேட்கிற சந்தேகங்களில் பாதி தன் முழங்கால் பற்றியவை.

குரூப்புக்குத் தம்பி போட்ட சட்டம் ஒன்றே ஒன்று. யாரும் வாய்ஸ் மெசேஜ் அனுப்பக் கூடாது.

"எழுத்துன்னா பத்து தடவை பாத்தாலும் அதேதான் இருக்கு. குரல்னா, நீ சொன்னதா அவங்க சொன்னதான்னு எனக்குக் குழம்புது" என்றான்.

'அவங்க' யார் என்று யாரும் கேட்கவில்லை. அம்மா ஒற்றை விரலால் தட்டித் தட்டி 'சாப்டியா' என்று எழுதி முடிப்பதற்குள் அவன் சாப்பிட்டுக் கை கழுவியிருப்பான். ஆனாலும் சட்டம் சட்டம்தான். ஒன்றரை வருடமாக ஒருவரும் மீறவில்லை.

இப்போது அவன் ஒரு பைண்டிங் பட்டறைக்கு வேலைக்குப் போகிறான். அச்சடித்த தாள்களை மடித்து, பக்க எண் பிசகாமல் அடுக்கித் தையலுக்குக் கொடுக்க வேண்டும். அன்று ஒன்பதாவது நாள். ஒரு மாதம் பார்க்கலாம் என்று முதலாளி சொல்லியிருந்தார். அக்கா ஒவ்வொரு நாளையும் பல்லைக் கடித்துக்கொண்டு தாண்டிக்கொண்டிருந்தாள்.

ஒரு மணிக்கு, ஒரு பெரியவரின் ஃப்ரேமில் லென்ஸைப் பொருத்திக்கொண்டிருந்தபோது போன் அதிர்ந்தது. குரூப்பில் அம்மாவிடமிருந்து வாய்ஸ் மெசேஜ். நாற்பத்தெட்டு விநாடி.

அவளுக்குப் பகீரென்றது. நர்ஸ் அவளைத்தான் குரூப்புக்கு அட்மின் ஆக்கியிருந்தார்; யார் போட்ட செய்தியையும் அவளால் அழிக்க முடியும். என்ன ஏது என்று கேட்டுக்கூடப் பார்க்காமல் அழித்தாள். அம்மாவாவது சும்மா இருந்தாளா? தெரியாமல் அமுக்கிவிட்டேன் என்று சொல்வதற்கு இன்னொரு வாய்ஸ் அனுப்பினாள். அதைக் காதில் வைத்துக் கேட்ட கையோடு அதையும் அழித்தாள். ஏன்டி அழிக்கிறாய் என்று கேட்டு மூன்றாவது வந்தது. அதுவும் போயிற்று. திரையில் 'இந்தச் செய்தி நீக்கப்பட்டது' என்று மூன்று வரி, ஒன்றன்கீழ் ஒன்றாக நின்றது.

தம்பி எழுதினான்: "என்ன அழிச்சீங்க?"

"ஒண்ணுமில்ல தம்பி. நீ வேலையப் பாரு."

கெட்டது குடி! வீட்டார் எதையோ மறைக்கிறார்கள் என்ற பயமே நோயாய் வந்தவனிடம், கண்ணெதிரே மூன்று தடவை மறைத்துவிட்டு ஒன்றுமில்லை என்று சொல்ல அவளால்தான் முடியும். அடுத்த நிமிடம் அவன் குரூப்பை விட்டே வெளியேறிவிட்டான்.

அவளுக்கு அந்தத் தண்ணீர்த் தொட்டிதான் ஞாபகம் வந்தது. நர்ஸைக் கூப்பிட்டாள்.

"பட்டறைக்கு ஓடட்டுமா மேடம்? முதலாளிகிட்ட சொல்லி அவனப் பிடிச்சு வைக்கச் சொல்லட்டுமா?"

"ஐயோ, வேண்டவே வேண்டாம். அவர் கேட்டதுக்குப் பதில் சொன்னீங்களா?"

"ஒண்ணுமில்லன்னு சொன்னேன்."

நர்ஸ் ஒரு பெருமூச்சு விட்டார். "முதல்ல உண்மையச் சொல்லுங்க. எழுத்துலயே சொல்லுங்க. பயந்துட்டேன்னா பயந்துட்டேன்னே எழுதுங்க. சாயங்காலத்துக்குள்ள பதில் வரலன்னா நானே பேசறேன்."

"ஏம்மா, என் கண்ணாடி அவசரமா, உன் போன் அவசரமா?" என்றார் பெரியவர்.

"போன்தான் ஐயா" என்றாள். அவர் என்ன நினைத்தாரோ, மறுபேச்சு பேசாமல் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

தம்பிக்குத் தனியாக எழுதினாள். அம்மா கை தவறி அமுக்கிட்டாங்க. உன் சட்டம் ஞாபகம் வந்து பயத்துல அழிச்சேன். முதல்ல வந்ததுல என்ன இருந்ததுன்னு எனக்கும் தெரியாது. ஒண்ணுமில்லன்னு சொன்னது என் தப்பு.

பதினோரு நிமிடம் பதில் இல்லை. அதற்குள் அவள் ஒரே லென்ஸை நாலு தடவை துடைத்திருந்தாள்.

பிறகு வந்தது: "அம்மா என்ன பேசினாங்க?"

அம்மாவுக்குப் போன் போட்டாள். தக்காளி அழுகல் என்று காய்கறிக் கடையில் சண்டை போடும்போது விரல் பட்டுவிட்டதாம். தம்பியிடம் கேட்டாள்: அம்மாவைத் திரும்பச் சொல்லச் சொல்லட்டுமா, எழுத்தா, வாய்ஸா? அவன் கொஞ்சம் யோசித்து, "வாய்ஸ்" என்று போட்டான்.

அம்மாவுக்குச் சொல்லவா வேண்டும்! சண்டையை முதலிலிருந்து கடைசி வரை, கடைக்காரர் குரலையும் தானே கட்டையாக்கிப் பேசி, நேரே அவனுக்கு அனுப்பிவைத்தாள். நடந்த சண்டை நாற்பத்தெட்டு விநாடி, நடித்தது இரண்டரை நிமிடம். உண்மைச் சண்டையில் சொல்ல விட்டுப்போனதையும் சேர்த்துக்கொண்டாள் என்பது அக்காவின் ஊகம்.

தம்பியின் பதில் வந்தது. "அம்மாதான். ரெண்டு தடவை கேட்டேன். எங்கிட்ட பேசறவங்க யாரும் இதுவரைக்கும் தக்காளியப் பத்திப் பேசினதில்ல."

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவன் தொடர்ந்து எழுதினான். "குரூப்புல சேத்துவிடு. என்னையும் அட்மின் ஆக்கு. இனிமே யாரும் எதையும் அழிக்க வேண்டாம். கேக்கணுமா வேண்டாமான்னு நான் பாத்துக்கறேன்."

சேர்த்தாள், அட்மினும் ஆக்கினாள். அதோடு விட்டிருக்கலாம். ஆனால் மனசு அடங்கவில்லை. அவன் உள்ளே வந்ததும் பேச்சை மாற்றியது, உறவினர் போன் செய்தால் மாடிக்குப் போய்ப் பேசியது, அவன் வெளியூரில் வேலையில் இருக்கிறான் என்று ஊரெல்லாம் சொல்லிவைத்தது எல்லாம் வரிசையாக வந்து நின்றன. தம்பியைக் காப்பாற்றுகிறோம் என்றே நினைத்துச் செய்தாள். காப்பாற்றியது தன் மானத்தைத்தான் என்று இப்போது உறைத்தது, வெட்கமாக இருந்தது.

எழுதினாள்: "இன்னொண்ணும் மறைச்சிருக்கேன். மாமா பொண்ணு கல்யாணப் பத்திரிகை வந்துச்சு. கூட்டத்துல உனக்கு ஏதாவது ஆயிடுமோன்னு உங்கிட்ட காட்டல."

"தெரியும். பீரோவுக்குப் பின்னாடி பாத்தேன். போன மாசமே."

அந்த வரியை அவள் மறுபடி படித்தாள். போன மாதமே பார்த்திருக்கிறான். அவன் பயந்தது உண்மைதான், அவர்கள் மறைத்துத்தான் இருக்கிறார்கள். அதைக் கையில் எடுத்துப் பார்த்த பிறகும் அவன் எங்கேயும் ஓடவில்லை. மாத்திரை போட்டிருக்கிறான். அவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறான். புது வேலைக்குக் கிளம்பியிருக்கிறான்.

அடுத்த வரி வந்தது. "கல்யாணத்துக்கு நாம என்ன வாங்கிட்டுப் போறோம்?"

பெரியவர் பார்க்கிறாரே என்றுகூட இல்லாமல் அவள் அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுதினாள்: "வேலை முடிஞ்சு நேரா கடைக்கு வந்துடு. சேந்து போய் வாங்கலாம்."