பூமித்தாயின் மூச்சு

பனங்கிழங்கைத் தன் கையால் மண்ணிலிருந்து பிடுங்கத் தெரியாத இனம் இந்தப் பூமியில் நிலைத்ததாகச் சரித்திரமே இல்லை. பனை நம் முதுகெலும்பு. கிழங்கு நம் வேர். வேரை மறந்தவனைக் கடல்கூடக் கரையில் ஒதுக்காது.

இப்படி முழங்கியவர் மில்லர்புரம் காசிலிங்கம். இரும்புக்கடை முதலாளி, பனைப் பண்பாட்டுப் பேரவையின் நிறுவனர், தலைவர், தற்போதைக்குப் பொருளாளரும்கூட. அவர் கடைசியாக மண்வெட்டி பிடித்தது ஒரு கல்யாண மண்டபத்துக்கு அடிக்கல் நாட்டியபோது. அந்த மண்வெட்டியில் ரிப்பன் கட்டியிருந்தார்கள். மண்ணை வேறு யாரோ முன்பே வெட்டி வைத்திருந்தார்கள்.

ஆவணியில் வீட்டுப் பின்புறத் தோட்டத்தில் மாதிரிக் கிழங்குப் பாத்தி ஒன்றைத் திறந்துவைத்தார். மற்றவர்கள் மணலைக் குவித்து, பனங்கொட்டையை நெருக்கி அடுக்கி, மேலே மண்ணைப் போட்டுவிட்டு அதை மறந்துபோவார்கள். மழை பார்த்துக்கொள்ளும். பொங்கல் நெருங்கும்போது போய்ப் பிடுங்குவார்கள். காசிலிங்கத்தின் பாத்திக்கு அந்த அநாதைப் பிழைப்பு வாய்க்கவில்லை. கடைச் சிமெண்டில் நாலு பக்கமும் சுவர், தண்ணீர் வீணாகாமலிருக்க அடியிலும் பூச்சு, தலைமாட்டில் கருங்கல், கல்லில் அவர் பெயர். தினமும் காலையில் ஹோஸ் பிடித்துத் தண்ணீர் ஊற்றி, அதைப் படமெடுத்துப் பேரவையின் வாட்ஸப் குழுவில் போட்டார். பனைக்கு ஹோஸ் பிடித்த முதல் மனிதர் அவராகத்தான் இருக்கவேண்டும்.

"ஏங்க, ஆள் நீளத்துக்கு மேடு. தலமாட்டுல கல்லு. கல்லுல உங்க பேரு. காலங்காத்தால சன்னலத் தொறந்தா அதுலதான் முழிக்க வேண்டியிருக்கு" என்றாள் மனைவி சண்முகத்தாய்.

"ஏளா, அது கல்வெட்டு."

"தேதி வேற போட்டிருக்கீய. ஒரு தேதிதான் இருக்கு. இன்னொண்ணு எப்பம்னு பாக்கவுக கேப்பாவ."

ஐப்பசி மழை கொட்டியது. கார்த்திகையும் விடவில்லை. மார்கழி பிறந்தபோது தோட்டத்தில் ஏதோ மாறியிருந்தது. காக்கைகள் வேலியில் உட்கார்ந்தன. பாத்தியின்மேல் ஒன்றுகூட இறங்கவில்லை. பக்கத்து வீட்டு நாய் வேலியோரம் வரும், மேட்டைப் பார்க்கும், தொண்டைக்குள் முனகிவிட்டுப் பின்னாலேயே நகரும். உப்பளக் காற்று திரும்பும் நேரங்களில் அந்தப் பக்கமிருந்து ஒரு வாடை எழுந்து அடுப்படிவரை வந்தது. அதற்குக் காசிலிங்கம் "மண்வாசனை" என்று பெயர் வைத்தார்.

பாத்தியோடு அவர் மகளின் கல்யாணமும் முடிச்சுப் போட்டுக் கிடந்தது. சரண்யாதேவிக்குப் பேசியிருந்த இடம் சாத்தான்குளம். மாப்பிள்ளை செந்தூர்வேல், போனில் பேசிப் பேசிப் பெண்ணுக்கும் பிடித்துவிட்டது. முடிவு சொல்லவேண்டியவர் மாப்பிள்ளையின் அப்பா பாண்டியராஜன், கருப்பட்டி மொத்த வியாபாரி. மூத்த மகனுக்குப் பெண் பார்க்கப் போன வீட்டில் கருப்பட்டிக் காப்பியை ஒரு வாய் குடித்து, "சீனி கலந்திருக்கு" என்று டம்ளரைக் கீழே வைத்தவர் அவர். அந்தச் சம்பந்தத்தையும் டம்ளரோடு அங்கேயே வைத்துவிட்டு வந்தார்.

"அப்பா, அவுககிட்ட எதையும் பெருசாச் சொல்லிராதிய. இருக்கதச் சொன்னாப் போதும்" என்று சரண்யாதேவி கெஞ்சினாள்.

அதற்குள் அவர் சொல்லிவிட்டிருந்தார். "பொங்கலுக்கு முன்னால குடும்பத்தோட வாங்க சம்பந்தி. நம்ம தோட்டத்துக் கிழங்கு, தொடை தொடையா வெளஞ்சு கெடக்கு. நீங்களே உங்க கையால பிடுங்கி, அங்கனயே நிச்சயத்துக்கு நாள் குறிச்சுருவோம்."

அவர்கள் வரும் நாளுக்கு முந்தைய நாள் பிற்பகலில், ஒன்றைப் பிடுங்கிப் பார்க்கலாமென்று காசிலிங்கம் மேட்டுக்குள் கைவிட்டார். கை மணிக்கட்டுவரை வழுக்கிக்கொண்டு போனது. விரலில் தட்டுப்பட்ட கொட்டையை இழுத்தார். கருத்து, ஊறி, அமுக்கியதும் வாய் பிளந்து கறுப்புத் தண்ணீர் கக்கியது. பக்கத்துக் கொட்டையும் அப்படியே. மறுமுனைக்குப் போய்த் தோண்டினார். அங்கும் அதே சவம். ஒரு முளைகூட இல்லை. சிமெண்ட் தொட்டியில் மாதக்கணக்காக நின்ற தண்ணீரில் மொத்தமும் செத்துக் கிடந்தது. அவருக்கு இடது கண் துடித்தது. துறைமுகத்தில் ஒரு கப்பல் நீளமாக ஊதியது, யாரையோ அழைப்பதுபோல.

கைகழுவியபின் டிரைவர் பேச்சிமுத்துவைக் கூப்பிட்டார்.

"ஏலே, இந்த அழுகல அள்ளிப் போட்டுட்டு மணலக் கொட்டு. காலையில பக்கத்துல இருக்க புதுக்கோட்டைக்குப் போயி நல்ல கிழங்கா வாங்கி, அவுக வாரதுக்குள்ள இதுல ஊனி வச்சிரு. இங்கன மார்க்கெட்டுல வாங்காத, நம்ம காரு எல்லாருக்கும் தெரியும்."

"எப்பிடிக் கிழங்கு மொதலாளி?"

"சம்பந்தி கையில எடுத்த ஒடனே வாயில வைக்கணும்னு தோணணும்லே. அப்பிடிக் கிழங்கு."

"அப்பிடின்னா நமக்குத் தெரிஞ்ச அக்கா ஒருத்தி இருக்கா. அவகிட்டயே வாங்கிருதேன்" என்றான் பேச்சிமுத்து. அவன் குரலிலிருந்த உறுதி காசிலிங்கத்துக்கு ஆறுதலாக இருந்தது.

காலையில் பனி இறங்கியிருந்தது. மில்லர்புரத்துக்கு அது அதிகம்தான். பாண்டியராஜனும் மனைவி செல்வராணியும் காரிலிருந்து இறங்கும்போதே நாய் ஊளையிடத் தொடங்கியது. பேரவை உறுப்பினர்கள் சிலர் போனை உயர்த்திப் பிடித்து நின்றார்கள். பேச்சிமுத்து தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்று, எல்லாம் ஆச்சு என்று தலையசைத்தான். கொல்லை வாசலில் சரண்யாதேவி. அவள் கையிலிருந்த தட்டில் காப்பி டம்ளர்கள் வரிசையாக நின்றன.

காசிலிங்கம் தொண்டையைச் செருமினார். "பனை நம் முதுகெலும்பு..."

"ஏங்க, அங்கன பாருங்க" என்று செல்வராணி கணவனின் கையைப் பிடித்தாள். "மண்ணு பொகையுது."

எல்லோரும் திரும்பினார்கள். பாத்தி புகைந்துகொண்டிருந்தது. மணலின் இடுக்குகளிலிருந்து வெள்ளை ஆவி நூல் நூலாக எழுந்து, கல்வெட்டைச் சுற்றி, காசிலிங்கத்தின் பெயரை மறைத்தது. நாய்கூட வாயை மூடிக்கொண்டது. சண்முகத்தாய் தாலியைக் கையில் பிடித்துக்கொண்டு, "நான் அன்னைக்கே சொன்னேன். மேட்டுக்கு உயிர் இருக்கு" என்றாள். போன் பிடித்திருந்தவர்களில் ஒருவர் சத்தமில்லாமல் செருப்பைக் கழற்றினார்.

காசிலிங்கமும் ஓர் அடி பின்னால் நகர்ந்தார். அழுகிய கொட்டைகளின் பிளந்த வாய்கள் கண்முன் வந்தன. ஆனால் நாற்பது வருட மேடைப் பழக்கம் பயத்தைவிட வேகமானது.

"அது பூமித்தாயின் மூச்சு" என்றார். "நல்ல கையைக் கண்டால் விடுவாள்."

பாண்டியராஜன் பாத்திக்கு அருகே போனார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குத்தவைத்தார். ஆவிக்குள் கையை விட்டவர் ஒரு கணம் விரல்களை விலக்கிக்கொண்டார். மறுபடி விட்டு இழுத்தார். வெண்ணெயிலிருந்து முடி வருவதுபோல் கிழங்கு வந்தது.

அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கொட்டை எங்கன?"

"சம்பந்தி?"

"பிடுங்குனா மேல கொட்டையும் கூட வரும்லா. இதுல காணோமே."

"அது வந்து... இது ஆராய்ச்சி ரகம். கொட்டையில்லாதது."

"கொட்டையில்லாமப் பனங்கிழங்கு." பாண்டியராஜன் அந்த வார்த்தைகளைத் தனக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். "வேரும் இல்ல. தோலயும் உரிச்சே வெளஞ்சிருக்கு."

மணலைத் துண்டால் துடைத்தார். கிழங்கை ஒடித்து, நடு நாரை உருவி எறிந்துவிட்டு, ஒரு பாதியை வாயில் போட்டு மென்றார். சரண்யாதேவி அந்தத் தாடையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது நிதானமாக அசைந்து, நின்றது. மீதியில் கொஞ்சம் மனைவியிடம் நீட்டினார். அவளும் மென்றாள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

எஞ்சிய துண்டைப் பாண்டியராஜன் கல்வெட்டின் மேல், ஒரு காப்பி டம்ளரை வைப்பதுபோல, மெதுவாக வைத்தார்.

"வாரோம் அண்ணாச்சி."

அதுவரை அவரும் சம்பந்தி என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

காரின் சத்தம் தெருமுனையில் தேய்ந்தது. கொல்லைக் கதவைச் சரண்யாதேவி உள்ளிருந்து தாழிட்டாள். பேரவைக்காரர்கள் போன்களைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு கலைந்தார்கள். பாத்தி இன்னும் புகைந்துகொண்டிருந்தது.

"ஏலே பேச்சிமுத்து, என்னத்தலே ஊனுன?"

"நல்ல சரக்கு மொதலாளி. அந்த அக்கா பானையிலேர்ந்து எறக்கச் சொல்லி, சாக்குல சுத்தி ஓட்டமா கொண்டாந்தேன்" என்றான் பேச்சிமுத்து. "ஒடனே வாயில வைக்கணும்னீயள்லா."

காசிலிங்கம் கல்வெட்டின் மேலிருந்த துண்டை எடுத்துக் கடித்துப் பார்த்தார்.

உப்பும் மஞ்சளும் அளவாகப் போட்டு அவித்திருந்தார்கள்.