காலைப் பிடித்தவன் பெயர்

...இல்லை, நான் ஓடவேயில்லை, ஓரடி கூட. திரையில் அவன் போலீஸ் வேனின் பின்கதவை உதைத்துத் திறந்து, கைவிலங்கோடு பாலத்திலிருந்து கடலுக்குள் குதிக்கிறான், அரங்கமே மூச்சைப் பிடித்துக்கொள்கிறது, எனக்கு வலது கால் மட்டும் தானாக ஆடுகிறது, நிறுத்தினால் இடது கால் ஆரம்பிக்கிறது. பக்கத்தில் அக்கா இருட்டிலேயே ஆரஞ்சு உரித்துக்கொண்டிருக்கிறாள், வெளியிலிருந்து தின்பண்டம் கொண்டுவரக் கூடாது என்று வாசலில் எழுதியிருந்ததைப் படித்துவிட்டுத்தான் கைப்பைக்குள் இன்னும் ஆழமாகத் தள்ளினாள், அறுபது வயதிலும் மல்-சுக் அக்காவை யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. ஒரு சுளையை என் உள்ளங்கையில் வைத்து காதருகே குனிகிறாள், "நீ இப்படியெல்லாமாடா குதிச்சே? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே." நான் எங்கேக்கா குதித்தேன், வேனில் தூங்கிக்கொண்டே போனேன், ஜெயில் வாசலில் எழுப்பி இறக்கினார்கள். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். எனக்கும் சிரிப்பு வந்திருக்க வேண்டும். யோம் தே-சிக் என்ற என் பெயரைப் படத்தில் மாற்றிவிட்டார்கள், ஐஸ் ஆலையையும் மீன்பிடித் துறைமுகத்தையும் கொலையான மேனேஜரையும் அப்படியே வைத்துக்கொண்டார்கள், என்னை மட்டும் ஆறடி உயரமாக்கி, ஐஸ் பாளம் இழுக்கும் கொக்கியால் எட்டுப் பேரை அடிக்க வைத்திருக்கிறார்கள். அடித்துக்கொள்ளட்டும். அதனால் யாருக்கு என்ன நஷ்டம்? அடுத்து என்ன வரும் என்பதுதான் பயம். படத்தை முன்கூட்டிப் பார்க்கிற காட்சி இது, காலை பத்தரை மணி, முடிந்ததும் நான் மேடையேறி நாலு வார்த்தை பேச வேண்டும், படக் கம்பெனிப் பெண் போனில் மூன்று தடவை சொல்லிவிட்டாள், "ஒண்ணும் கஷ்டமில்லைங்க ஐயா, நடிகர் என்னைவிட நல்லா பண்ணியிருக்கார்னு சொல்லிட்டு குனிஞ்சு வணக்கம் வெச்சிட்டா போதும்."

விசாரணை அறை வந்துவிட்டது. நினைவில் ஓடுவதாகக் காட்டுகிறார்கள், பழைய காலம் என்பதால் எல்லாம் பழுப்பாக இருக்கிறது. உண்மையில் அங்கே சுவர் பச்சை. நாலு நாள் அந்தப் பச்சையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், கண் மூடினால் முதுகில் அடி விழும், அப்புறம் பச்சை, அப்புறம் முதுகு... எனக்கு அப்போது இருபத்துநாலு வயது. இதோ, வாக்குமூலத்தை மேஜையில் விரிக்கிறார்கள், சிவப்பு மைப் பெட்டியை நகர்த்துகிறார்கள், கட்டைவிரலைப் பிடிக்கிறார்கள், அவன் பெட்டியைத் தட்டிவிட்டு எழுந்து நாற்காலியை ஓங்கி... ஐயோ, கை தட்டுகிறார்கள், முன் வரிசையில் ஒருவர் விசில் அடிக்கிறார். அக்காவும் தட்டுகிறாள், ஆரஞ்சுத் தோல் மடியிலிருந்து விழுகிறது. அக்கா, உனக்குத் தெரியுமே, நான் கைநாட்டு வைத்தேனே, ஒரு தடவை அல்ல, பக்கத்துக்குப் பக்கம், பதினேழு பக்கம். மூன்றாம் நாள் மதியம் வைத்தேன். வைத்தபிறகு கிண்ணம் நிறைய மாட்டெலும்புச் சூப்பும் சோறும் கொடுத்தார்கள், வெங்காயத்தாள் கூடத் தூவியிருந்தது, தின்று முடித்தேன், இனித் தூங்கலாம் என்று நினைத்தேன். அப்போதுதான் வயதான அந்த அதிகாரி கதவைச் சாத்திக்கொண்டு வந்து, கோபமில்லாமல், கணக்கு வாத்தியார் போலக் கேட்டார், "எண்பத்தஞ்சு கிலோ ஆளுப்பா அந்த மேனேஜரு. நீ நோஞ்சான். ஒத்தையா ஐஸ் அறைக்குள்ள தூக்கிட்டுப் போயிருக்க முடியாது. தலைப்பக்கம் நீ. காலைப் பிடிச்சது யாரு?" யாரும் இல்லை என்றேன். தலைப்பக்கம் நானும் இல்லையே. மறுபடி பச்சைச் சுவர். நாலாம் நாள், எந்த நேரம் என்று தெரியாது, என் வாய் சொன்னது, சூ-கில். பாங் சூ-கில். ஏன் அவன்? அவனோடுதான் தினமும் மதியம் துறைமுகத்தில் நூடுல்ஸ் தின்பேன், அந்த ஊரில் எனக்கு வேறு பெயர் நினைவுக்கு வரவில்லை, அதனால். அவர்களுக்குப் பெயர் மட்டும் போதவில்லை. நான் சொல்லச் சொல்லக் கதை தானாக நீண்டது, அவன் மஞ்சள் கையுறை போட்டிருந்தான், இடது காலைப் பிடிக்கும்போது வழுக்கியது, "மெதுவாடா" என்றான்... யாரும் என்னிடம் மஞ்சள் என்று சொல்லித்தரவில்லை. கோர்ட்டில் அவனுடைய மஞ்சள் கையுறையைப் பையில் போட்டுக் காட்டினார்கள், ஆலையில் முப்பது பேரும் மஞ்சள் கையுறைதான் போடுவோம். அவனுக்கு நாலு வருடம். எனக்கு ஆயுள், பதினாலாம் வருடம் வெளியே விட்டார்கள். என் சாட்சியைப் படித்தபோது சூ-கில் திரும்பிப் பார்த்தான், கோபமாக அல்ல, பஸ்ஸில் முன்பின் தெரியாத ஒருவர் தன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் பார்ப்போமே, அப்படி.

படத்தில் சூ-கில் இல்லை. கதை எழுதியவர்கள் வீட்டுக்கு வந்தபோது அவனைப் பற்றியும் சொன்னேன், ஒருவர் பேனாவை மூடிக்கொண்டு "அது சேர்ந்தா ஹீரோமேல ஜனங்களுக்கு இரக்கம் வராதுங்க" என்றார். எனக்கு அப்பாடா என்றுதான் இருந்தது, ஏன் பொய் சொல்ல வேண்டும். மறுவிசாரணை நடந்தபோதும் வக்கீல் அவனுக்குக் கடிதம் போட்டார், நீங்களும் சேர்ந்துகொள்ளுங்கள், இரண்டு பேரும் நிரபராதி என்று தீர்ப்பு வாங்கலாம் என்று. ஒற்றை வரியில் பதில் வந்தது, என்னை விட்டுவிடுங்கள். என்மேல் அவ்வளவு ஆத்திரம் போல என்று நினைத்துக்கொண்டேன். நீதிபதி எழுந்து நின்று என்னிடம் மட்டும் மன்னிப்புக் கேட்டார், நான் யாரிடம் கேட்பது... திரையில் மீன்பிடிப் படகு வெடிக்கிறது, அரங்கம் முழுவதும் ஆரஞ்சு வெளிச்சம், அந்த வெளிச்சத்தில் இரண்டு வரிசைக்கு முன்னால், இடது ஓரத்தில், ஒரு காது. மேல் பாதி இல்லாத காது. ஐஸ் கொக்கி வழுக்கிக் கிழித்த காது, நான்தான் துண்டைச் சுற்றி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன், "போனா போகுதுடா, பாதிதானே, பொண்டாட்டி திட்டினா பாதிதான் கேட்கும்" என்று வழியெல்லாம் சிரிக்க வைத்தான். இருட்டிவிட்டது. அவனேதானா? தலை நரைத்திருக்கிறது, தோள் ஒடுங்கியிருக்கிறது. இன்னொரு வெடி வெடிக்காதா? அவன் பக்கத்தில் பெரிய உடம்புக்காரர் ஒருவர் பாப்கார்ன் வாளியை மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வோர் அடிக்கும் அவன் தோளில் ஓங்கித் தட்டிச் சிரிக்கிறார். அவன் அசையாமல் இருக்கிறான். எதற்கு வந்திருக்கிறான்? முப்பது வருடம் வராதவன் இன்றைக்கு, நான் மேடையேறுகிற நாளில்... கேட்கத்தான் வந்திருக்கிறான். நான் என்ன சொல்கிறேன், இன்றைக்காவது உண்மையைச் சொல்கிறேனா என்று கேட்கத்தான். வேறென்ன? அக்கா என் தொடையை அழுத்துகிறாள், "காலை ஆட்டாதடா, வரிசையே ஆடுது."

விளக்கு போட்டுவிட்டார்கள். கடைசியாகத் திரையில் எழுத்து வந்தது, பதினாலு வருடம், பிறகு நிரபராதி என்று தீர்ப்பு, அழுதுகொண்டே கை தட்டுகிறார்கள், எப்படி மேடைக்கு வந்தேன் என்று தெரியவில்லை, மைக் கையில் ஈரமாக இருக்கிறது. நடிகர் பக்கத்தில் நிற்கிறார், நல்ல பிள்ளை, மெல்ல என் முழங்கையைத் தாங்கியிருக்கிறார். மேலேயிருந்து பார்த்தால் எல்லார் முகமும் தெரிகிறது, அவன் முகமும். சூ-கில்தான். மடியில் தொப்பியை வைத்துக்கொண்டு தரையைப் பார்க்கிறான். நடிகர் என்னைவிட நல்லா பண்ணியிருக்கார், நடிகர் என்னைவிட, மனப்பாடம் செய்ததைச் சொல்லிவிட்டேன், எல்லாரும் சிரித்தார்கள், குனிந்து வணக்கமும் வைத்துவிட்டேன், இறங்கிவிடலாம், அதற்குள் ஒரு பெண் எழுந்து, "ஐயா, படத்துல மாதிரியே நிஜத்துலயும் கடைசி வரைக்கும் நீங்க கைநாட்டு வைக்கவே இல்லியாங்க?" என்கிறாள். ஆமாம் என்றால் முடிந்தது. ஒரு வார்த்தை. அவன் தலை நிமிர்கிறது, என்னைப் பார்க்கிறான், லேசாகத் தலையை ஆட்டுகிறான், சொல்லு என்கிறான் இல்லையா, அதற்கு வேறு என்ன அர்த்தம்? "வெச்சேன்மா" என்றேன். அப்புறம் நிறுத்த முடியவில்லை. "வெச்சது மட்டும் இல்ல. இன்னொருத்தன் பேரையும் சொன்னேன். ஒண்ணுமறியாதவன். என் சிநேகிதன். பாங் சூ-கில். நாலு வருஷம் உள்ள இருந்தான், என்னாலதான். அவன்கிட்ட நான் இன்னும் மன்னிப்புக் கேக்கல." பிறகு ஒருவர் தட்ட, எல்லாரும் எழுந்து தட்டினார்கள், அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள், நடிகர் என்னைக் கட்டிக்கொண்டார், அவர் தோளுக்கு மேலே பார்த்தால், எழுந்து நிற்கிற கூட்டத்தில் இரண்டு பேர் மட்டும் உட்கார்ந்திருந்தார்கள். பெரிய உடம்புக்காரர் சூ-கிலையே பார்த்துக்கொண்டிருந்தார், வாயில் போடப்போன பாப்கார்ன் கையிலேயே இருந்தது.

கழிப்பறைப் பக்கத்து நடையில் அவனே வந்தான். நான் குனிந்தேன், இடுப்பு மடிய, மண்டி போடக்கூடத் தயார்தான், அவன் என் சட்டைக் காலரைப் பிடித்து நிமிர்த்தினான். "எந்திரிடா. யாராவது பார்க்கப் போறாங்க." பல்லைக் கடித்துக்கொண்டு பேசினான். "தலையை ஆட்டுனேனே, வேணாம் வேணாம்னு, தெரியல உனக்கு?" சூ-கில், நான்... "உள்ள இருக்காரே, அவரு எனக்குச் சம்பந்தியா வரப்போறவரு. மூணு வாரத்துல என் பொண்ணு கல்யாணம். என் வீட்டுக்காரிக்கு மட்டும்தான்டா தெரியும் நான் உள்ள இருந்தது. பொண்ணுக்கே தெரியாது. அந்த மனுசனுக்கு அடிதடிப் படம்னா உசுரு, குலுக்கல்ல சீட்டு விழுந்துச்சு, வாங்க சம்பந்தின்னு இழுத்துட்டு வந்துட்டாரு, என்ன படம்னு போஸ்டரைப் பார்த்ததும்தான் எனக்கே தெரிஞ்சுது. ரெண்டு மணி நேரம் செத்துச் செத்துப் பொழைச்சேன். நான் படத்துல இல்ல. கடைசி எழுத்து வந்தப்ப, சாமி, நான் எங்கயுமே இல்ல, அவ்வளவு சந்தோஷம்டா எனக்கு." கடிதம், வக்கீல் போட்ட கடிதம், என்மேல் ஆத்திரம் என்று நினைத்தேனே. "உன்மேல என்ன ஆத்திரம். அவனுங்க என்னைக் கேட்டிருந்தா நானும் உன் பேரைத்தான் சொல்லியிருப்பேன். நான் அதையெல்லாம் எப்பவோ கடல்ல போட்டுட்டேன். நீதான் தூண்டில் போட்டு எடுத்துட்டு வந்திருக்கே." கழிப்பறையில் கைகாயவைக்கும் மெஷின் இரைந்து நின்றது. அவன் என் மணிக்கட்டைப் பிடித்தான், "அவர் வர்றாரு. அது வேற ஆள்னு சொல்லு. தே-சிக், இதை மட்டும் சொல்லிடு."

பெரிய உடம்புக்காரர் வெளியே வந்தார். என்னைப் பார்த்ததும் இரண்டு கையையும் நீட்டி என் கையைப் பற்றினார், நல்ல மனிதர், கண் சிவந்திருந்தது. "பெரிய மனசு ஐயா உங்களுக்கு. ஆனா ஒண்ணு, நீங்க சொன்ன பேரு... நம்ம சம்பந்தி பேரும் அதே பேருதான். அதான் ஒரு நிமிசம் ஆடிப்போயிட்டேன்." சிரித்தார், கண் சிரிக்கவில்லை. "நானும் இப்ப இவரு சொன்னதும்தான் ஆச்சரியப்பட்டேங்க" என்றேன், அது என் குரல்தான். "பாங்-ங்கிற குடும்பப் பேரு அவ்வளவா கேள்விப்பட்டதில்லையே?" "எங்க துறைமுகத்துப் பக்கம் ரெண்டு மூணு வீடு உண்டுங்க. அவன் இப்ப இல்லீங்க. வெளிய வந்து ரெண்டே வருஷம். கல்லீரல். அடக்கத்துக்கு நான் போயிருந்தேன், நல்ல மழை, அவங்கம்மா என் கையைப் புடிச்சுக்கிட்டு விடவே இல்ல." யாரும் மழை பெய்ததா என்று கேட்கவில்லை. அம்மாவைப் பற்றிக் கேட்கவில்லை. நானேதான் சொன்னேன், அந்தக் கிழவியின் கைச் சூடு கூட எனக்குத் தெரிந்தது. சூ-கில் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான், தன் சாவைக் கேட்டுக்கொண்டு. "அடடா" என்றார் அவர், "அப்ப மன்னிப்புக் கேக்கவும் வழியில்லாம போச்சே." என் தோளைத் தட்டினார். "வாங்க சம்பந்தி, சூடா சூப் குடிச்சிட்டுப் போவோம்." லிஃப்ட் கதவு மூடும்வரை சூ-கில் என்னைப் பார்க்கவில்லை.

அக்கா கோட்டை எடுத்துக்கொண்டு வருகிறாள், "யாருடா அந்தக் காது அறுந்த ஆளு? எங்கயோ பார்த்த முகமா இருக்கு." தெரியலைக்கா, படம் நல்லா இருக்குன்னு சொன்னாங்க. சரியாகச் சொல்லிவிட்டேன், நம்பிவிட்டார், தோளைக்கூடத் தட்டினாரே, நம்பாதவர் தட்டுவாரா... லிஃப்ட் எண்கள் இறங்குகின்றன, ஆறு, ஐந்து, நாலு. நாலு வருடம் உள்ளே இருந்தான் என்று மைக்கில் சொன்னேன். வெளியே வந்து ரெண்டு வருடம் என்று இங்கே சொன்னேன். மொத்தம் ஆறு. நான் பதினாலு. ஆறாம் வருடம் நான் எங்கே இருந்தேன்? எந்த அடக்கத்துக்குப் போயிருப்பேன், எந்த மழையில் நனைந்திருப்பேன்? பதினாலு என்று திரையில் அத்தனை பெரிய எழுத்தில் போட்டார்களே, அவர் அதைப் பார்த்துத்தானே அழுதார். அன்றைக்குப் பச்சைச் சுவர் அறையில் நான் சொன்னதில் இதைவிடப் பெரிய ஓட்டைகள் இருந்தன, ஒருவரும் கணக்குப் பார்க்கவில்லை, அவர்களுக்கு நம்ப வேண்டியிருந்தது. இவருக்கு? சூப்பு வருகிற வரைக்கும் மேஜையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாரே, அந்த நேரத்தில் இவருக்கு நம்ப வேண்டியிருக்குமா?